மைக்கில் விழுந்த முணுமுணுப்பு

என் கம்ப்யூட்டரின் மதர்போர்டு செத்துப்போனதற்கு உப்புக்காற்றுதான் காரணம். மண்டபத்தில் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்தால் ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், பூட்டு எல்லாம் அப்படித்தான் போகும். பெட்டியைத் திறந்து பார்த்தபோது போர்டின் ஓரமெல்லாம் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது.

எனக்கு ஐஸ் கம்பெனியில் கணக்கு வேலை. ஓய்ந்த நேரத்தில் வீட்டின் பின்னறையில் மைக் வைத்து, கடை திறப்பு, கோயில் திருவிழா, கண் சிகிச்சை முகாம் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிப் போடும் அறிவிப்புகளைப் பேசிப் பதிந்து கொடுப்பேன். ராமநாதபுரத்திலிருந்து பாலத்துக்கு அந்தப் பக்கத் தீவு வரைக்கும் என் முகம் தெரியாதவர்களுக்குக்கூட என் குரல் தெரியும். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு.

புது போர்டு வாங்குவது அவ்வளவு லேசாக இல்லை. நான் மைக்கைச் சொருகும் சவுண்டு கார்டு பழைய காலத்தது. அதைப் பொருத்த நீளமான வெள்ளை ஸ்லாட் வேண்டும். இப்போது வரும் போர்டுகள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டு யு.எஸ்.பி.யில் சொருகுகிற பெட்டியை வாங்கச் சொன்னார்கள். என் குரல் அந்தக் கார்டில் விழுகிற மாதிரி வேறெதிலும் விழாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். சாயங்காலம் ஆனால் யூடியூபைத் திறந்து வைத்துக்கொண்டு போர்டு போர்டாகப் பார்த்தேன். சாப்பிடும்போது என் மனைவியிடம் அதைப் பற்றியே பேசினேன். அவளும் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

ராமநாதபுரத்தில் அவளுடைய புதுக்கண்ணாடி தயாராகியிருந்ததால், இரண்டு வேலையையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று கம்ப்யூட்டர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு சேர்ந்தே போனோம். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு அவளும் என்னோடு கம்ப்யூட்டர் கடைக்கு வந்தாள்.

கடைக்காரர் முப்பது வயதுக்காரர். வெள்ளை ஸ்லாட் உள்ள போர்டு இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று புதிது. பேர் தெரியாத கம்பெனி, ஒரே ஒரு ஸ்லாட், அதுவும் ஃபேனை ஒட்டினாற்போல. ஃபேன் இரைச்சல் பதிவில் ஏறிவிடுமோ என்று எனக்குப் பயம். இன்னொன்று ஏதோ அலுவலகத்து மெஷினில் இருந்து கழற்றியது. நல்ல போர்டு, ஆனால் எவ்வளவு காலம் ஓடியது என்று தெரியாது. நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அவர் சலிக்காமல், "உங்க டிஸ்க்கு, கார்டு எல்லாத்தையும் மாட்டி ஓட்டியே பாத்துருவோம்ணே" என்று அந்தக் கழற்றிய போர்டில் இணைத்தார். பெரிய ஸ்பீக்கர் ஒன்றையும் எடுத்து வைத்தார்.

வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "அண்ணே, ஆட்டோவுல பேசுறது நீங்கதான? குரலக் கேட்டதுலருந்து இத எங்கயோ கேட்டுருக்கோமேன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."

ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வந்திருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மவுஸை நானே வாங்கி, கடைசியாகப் பதிந்திருந்த ஃபைலைத் திறந்தேன். அது வெட்டி ஒட்டிச் சரி செய்யாதது என்பது அப்போது நினைவில் இல்லை. சத்தத்தையும் நானே கூட்டி வைத்தேன்.

"பெரியபட்டினம் வாழ் பெருமக்களே, தாய்மார்களே, உங்களுக்கு ஓர் இனிய செய்தி" என்று என் குரல் கணீரென்று எழுந்தது. அந்தப் பெண்கள் சிரித்தார்கள், மெச்சிக்கொள்கிற சிரிப்பு. அடுத்து பதிவுக்குள் குக்கர் விசில் அடித்தது. அதற்குப் பின்னால் மறுபடியும் என் குரல், தணிந்து, மைக்குக்கு மிகப் பக்கத்தில்.

"மூதேவி. நேரங்காலம் தெரியுதா பாரு. படிக்காத கழுதையக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு."

ஒரு கனைப்பு. பிறகு மறுபடியும் அதே கணீர்க் குரலில், "தாய்மார்களே."

ஃபைலை நிறுத்துவதற்குள் தாய்மார்களுக்கு இன்னொரு முறை வணக்கம் சொல்லிவிட்டேன்.

அவளிடம் நேருக்கு நேர் நான் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் அதட்டாத ஆள் என்று தெருவில் எனக்குப் பெயர். தனியறையில் வாய்க்குள் முணுமுணுத்ததை எல்லாம் பேசியதாகவே நான் கணக்கில் வைக்கவில்லை. மைக்கோ ஒன்றையும் விடாமல் வாங்கி வைத்திருந்தது.

கடைக்காரர் குனிந்து, சரியாகத்தான் இருந்த ஒரு ஒயரைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். அந்தப் பெண்கள் போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். என் மனைவி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"எந்த போர்டுண்ணே போடட்டும்?" என்று கடைக்காரர் மெதுவாகக் கேட்டார். நான் புது போர்டின் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அவள்தான் பதில் சொன்னாள். "இப்ப மாட்டியிருக்கதையே போட்டு விடுங்க தம்பி. சத்தம் தெளிவாத்தான் கேக்குது."

குரலில் குத்தல் ஏதும் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மடியில் கம்ப்யூட்டர் பெட்டியோடு நான் பக்கத்தில். உச்சிப்புளியில் ஆட்கள் இறங்கி ஏறுகிற நேரத்தில், வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"நான் பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன்."

அவ்வளவுதான். மண்டபம் வரும் வரைக்கும் நான் அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் சண்டை போடவில்லை. ஆனால் நான் பின்னறைக் கதவைச் சாத்தினால் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்விடுவாள். ஒருநாள் திருப்புல்லாணிக் கடை ஒன்றின் அறிவிப்பைப் பேசி முடித்துவிட்டு வந்து பார்த்தேன். உலையில் சோறு அரைவேக்காடாகக் கிடந்தது. அவள் கொல்லைப்புறத்தில் உச்சிவெயிலில், தண்ணீர்த்தொட்டி ஓரத்தில் நின்றிருந்தாள். பேசினால் அதுவும் பதிவில் விழுந்துவிடுமோ என்று பயந்தவள்போல என்னைப் பார்த்தாள்.

"தப்புத்தான். என்னை மன்னிச்சிரு" என்றேன்.

"அந்த ஒண்ணுதானா, இன்னும் இருக்கா?"

"இருக்கும். எத்தனைன்னு தெரியல."

"போடுங்க, கேப்போம்."

அழித்துவிடுகிறேன் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குப் பிற்பகல் முழுக்க இருவரும் பின்னறையில் உட்கார்ந்து கேட்டோம். அவளைத் திட்டியிருந்தேன். அவள் அம்மாவைத் திட்டியிருந்தேன். ஐஸ் கம்பெனி முதலாளியையும், பக்கத்து வீட்டு ஆட்டையும்கூட விடவில்லை. ஆட்டுக்கு நான் கொடுத்த ஏச்சைக் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

பழைய ஃபைல் ஒன்றில் வசவே இல்லை. கதவு மெல்லத் திறக்கிற சத்தம். "முடிஞ்சிருச்சா? சோறு ஆறுதுங்க" என்று ரகசியம்போல அவள் குரல். "போ" என்று நான். கதவு மூடுகிற சத்தம்.

"இது எனக்கு ஞாபகமிருக்கு" என்றாள். அதற்குமேல் கேட்க வேண்டாம் என்று எழுந்துகொண்டாள். மற்றதெல்லாம் தனியறையில் மைக்குக்கு மட்டும் முணுமுணுத்தது. இது அவள் முகத்துக்கு நேராக நான் சொன்னது, எனக்கோ சொன்ன நினைவே இல்லை.

வாசலில் நின்று திரும்பி, "ரெக்கார்டிங் போடப்போறேன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொன்னா நான் குக்கர் வைக்க மாட்டேன்ல. இத்தன வருசத்துல ஒரு நா சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

சொன்னதே இல்லை.

இப்போது சொல்கிறேன். அவளும் வெயிலில் போய் நிற்பதில்லை. முன்புபோலப் பேசுகிறாள், மீன் வாங்கினால் எனக்குப் பிடித்த தலைத்துண்டை எடுத்து வைக்கிறாள். ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தால், "தாய்மார்களே" என்கிற இடத்தில் என் குரல் உடைகிறது. அந்த வார்த்தையை மட்டும் பலமுறை பதிய வேண்டியிருக்கிறது.