பகல் நட்சத்திரக்காரி

திரையில் பெரிதாக மின்னும் புள்ளியைக் கட்டைவிரலால் மூடிப் பார்த்துவிட்டுத்தான் செவ்வந்தி வேலையைத் தொடங்குவாள். கணினி கொண்டு அதன் ஒளியைக் கழிப்பதெல்லாம் அப்புறம். "பெரிய ஆளு மொதல்ல நவுரணும். அப்பதான் பின்னாடி நிக்கிறவன் மூஞ்சி தெரியும்" என்பாள்.

களமருதூரில் கரும்பு போடும் செல்லமுத்துவின் மகள் அவள். நம் பால்வீதியில் வீரியமான எக்ஸ் கதிர்களை உமிழ்பவை எவையெவை என்று தேடிக் கணக்கெடுப்பது வேலை. ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவைக் காட்டும் அதே ஜாதிக் கதிர்தான். செத்துப்போன நட்சத்திரம் ஒன்று பக்கத்து நட்சத்திரத்தை உறிஞ்சிக் குடிக்கும்போது பீறிட்டுக் கிளம்பும். காற்றைத் தாண்டித் தரைக்கு வராது என்பதால் தொலைநோக்கி விண்வெளியில் சுற்றுகிறது. அது அனுப்பும் படங்களைப் பார்க்க இருட்ட வேண்டியதில்லை. ஆய்வகம் பெங்களூரில் என்றாலும் மாதத்தில் பாதி நாள் சொந்த வீட்டு மாடியறையில்தான் இருப்பாள்.

"ஊரு ஒலகத்துல ராத்திரில நட்சத்திரம் பாப்பாங்க. இவ பட்டப்பகல்ல கதவ சாத்திக்கினு பாக்கறா" என்று அங்கலாய்ப்பார் அம்மா அமிர்தம். "தோ வரேம்மா" என்ற பதிலை நம்பிச் சோறு போட்டால் அது ஆறி அவலாகிவிடும்.

இந்தத் தொலைநோக்கிக்குக் கண்ணாடி கிடையாது. ஓட்டைகள் போட்ட ஓர் உலோகத் தகடு. அதன் நிழல் விழும் விதத்தை வைத்துத்தான் வானத்தில் எங்கே என்ன இருக்கிறதென்று சொல்ல வேண்டும். சில சமயம் பிரகாசமான ஒன்றின் நிழல், ஒன்றுமே இல்லாத இடத்தில் பொய்ப் புள்ளியைக் காட்டிவிடும். போன வருஷம் அப்படி ஏமாந்தாள். புது நட்சத்திரம் என்று தெருவுக்கே லட்டு கொடுத்த பிறகு குட்டு வெளிப்பட்டது. உளுந்தூர்பேட்டை பஸ்ஸில்கூட, "இன்னா செவ்வந்தி, அடுத்த லட்டு எப்போ?" என்று கேட்டார்கள். சிரித்து மழுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதாள்.

இப்போது மறுபடியும் ஒன்று, பால்வீதியின் நடுப்பக்கம், மங்கலாக. வீட்டில் மூச்சு விடவில்லை. தொலைநோக்கியைச் சற்றுத் திருப்பி இன்னொரு படம் எடுக்கக் கேட்டிருந்தாள். பொய்யென்றால் புள்ளி இடம் மாறும், மெய்யென்றால் அசையாது. இதுவும் பொய்த்தால் இந்த வேலைக்கே ஒரு கும்பிடு என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

ஆனி மாத உச்சி வெயிலில் படம் வந்தது. புள்ளி அசையவில்லை.

என்னவொரு அதிசயம்! மனிதர்கள் எழுதப் படிக்கத் தெரியாமல் திரிந்த காலத்தில் கிளம்பிய கதிர், இத்தனை தூரம் வந்து சேர்ந்திருக்கிறது. அதை முதன்முதலில் பார்த்தவள் களமருதூர்க்காரி. படியிறங்கிக் கரும்புக் கொல்லைக்கு ஓடினாள்.

செல்லமுத்து மோட்டாரை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, ஏன் இப்பிடி ஓடியார?"

"புதுசா ஒண்ணுப்பா. இந்த வாட்டி நெசம்."

லட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நெற்றியில் கை வைத்து வானத்தைத் துழாவினார். "எங்க இருக்குது?"

"மேல இல்லப்பா. இந்நேரத்துக்கு அது பூமிக்கு அந்தாண்ட இருக்கும். நம்ப காலுக்குக் கீழ" என்று தரையைக் காட்டினாள்.

செல்லமுத்து தரையையே பார்த்தார். பிறகு செருப்பு இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கொதிக்கும் மண்ணில் வெறுங்காலோடு நின்றார்.