மொட்டைத் தலைக்கு ஒரு சீப்பு

அம்மா போனதிலிருந்து எங்க நைனா மாசாமாசம் திருப்பதி மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கினு வருவார். ஆனாலும் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். "மொட்டைத் தலைக்கு எதுக்கு நைனா சீப்பு?" என்று கேட்டால், "இருந்துட்டுப் போகட்டும், உனக்கென்ன?" என்பார்.

எங்கள் வீட்டுப் பூனையைக் கண்டாலே அவருக்கு ஆகாது. நான் பார்க்கும்போதெல்லாம், "சனியனே, தூரப் போ" என்று விரட்டுவார்.

நைனா இறந்து கொஞ்ச நாளில் பூனையின் முதுகெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொடுகு. தேங்காய் எண்ணெய் தடவியும் கேட்கவில்லை. சித்தூரில் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் முடியை விலக்கிப் பார்த்தார்.

"நோய் ஒண்ணும் இல்லம்மா. குண்டாயிடுச்சு, முதுகை நக்கிக்க முடியல. இவ்ளோ நாள் யார் சீவிக்கினு இருந்தாங்க?"

"யாரும் சீவல சார்."

"யாரோ சீவியிருக்காங்கம்மா. நிறுத்தினதும்தான் இப்படி ஆயிருக்கு."

வீட்டுக்கு வந்ததும், நைனா படத்துக்கு முன்னால் அவர் கண்ணாடியோடு வைத்திருந்த சீப்பை எடுத்துப் பார்த்தேன். பற்களுக்கு நடுவில் செம்பட்டை முடி. பூனையின் முடி.

ஒரே வீட்டில் நாங்கள் இத்தனை பேர் இருந்தும், அந்த மனுஷனுக்குத் தொட்டுத் தடவ ஒரு பூனைதான் இருந்திருக்கிறது. அதுவும் எங்களுக்குத் தெரியாமல்.

இப்போது தினமும் நான்தான் சீவுகிறேன். பொடுகு போய்விட்டது. சீவும்போது பூனை என்னைப் பார்ப்பதே இல்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்து, மெதுவாகக் கண்ணை மூடித் திறக்கிறது.

நான் இதுவரை திரும்பிப் பார்த்ததில்லை.