ஜன்னலில் வைத்த போத்தல்கள்

கறுப்பாகவே இருந்திருந்தால் குழந்தை அதைத் தொட்டிருக்காது. என் நினைவு எந்தப் பக்கம் கிளம்பினாலும் இந்த வரியில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. காஜா பேராங்கில், சாலையை ஒட்டிய பலகை வீட்டில் அக்கா குடியிருந்தாள். ஆசிரியர் பயிற்சியில் இருந்த நான் அவளோடு தங்கியிருந்தேன். அக்காவின் கணவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குப் போர்ட்டிக்சனில், கடலோரமாகப் புதிதாக எழும்பியிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை. அங்கேயே தங்கிக்கொண்டு, விடுப்பு நாளில் பஸ் ஏறி வருவார். அவர் வாசலுக்கு வருமுன் அவருடைய எண்ணெய் வாசம் வந்துவிடும். அவர்களுக்கு ஒரே மகள். இரண்டு வயது முடிந்து, எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்க்கும் பருவம்.

ரப்பர் தோட்டத்தில் பால்வாளி சுமந்து வளர்ந்தவர் மாமா. அவருக்கு அந்த ஆலை ஒரு கோயில் மாதிரி. வானத்தை முட்டும் இரும்புக் கோபுரம், உள்ளே தட்டுத் தட்டாக மாடிகள், கீழே அணையாத நெருப்பு. சொல்லச் சொல்ல அவருக்கு ஆறாது. ஒரு விடுப்பில் பையிலிருந்து நாலைந்து சின்னப் போத்தல்களை எடுத்து ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்தார். சோதனைக்கு எடுத்து மீந்ததாம்.

"பெட்ரோல் மட்டும் இல்ல. அதைப் பஸ்ல கொண்டாந்தா என்னையும் சேத்துக் கொளுத்திரும்" என்றார்.

முதல் போத்தலில் கச்சா எண்ணெய். கறுப்பு. சாய்த்தால் கண்ணாடியை விட்டுப் பிரிய மனமில்லாமல் வழிந்தது. அடுத்தது தார்போல் கெட்டியான அடிக்கசடு, அதற்கடுத்துத் தேன் நிறத்தில் டீசல். கடைசியில், ஆரஞ்சுத் தண்ணீர் விற்கும் சின்னப் போத்தலில் மண்ணெண்ணெய். வெயில் அதற்குள் நுழைந்து சுவரில் போய் ஆடியது. குழந்தை அந்த வெளிச்சத்தைப் பிடிக்கச் சுவரைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

மாமா அக்காவின் டிபன் கேரியரை எடுத்து அடுக்கினார். "இதுதான் கோபுரம்னு வெச்சிக்க. கறுப்பு எண்ணெயைக் காய்ச்சி ஆவியாக்கிக் கீழ விடுவோம். ஆவி மேல ஏறும். ஏற ஏறச் சூடு கொறையும். எது எந்தச் சூட்டுல ஆறுமோ அது அந்தத் தட்டுல தண்ணியா நிக்கும். கனமானது கீழத் தட்டு. லேசானது மேல, மேல. ஆவியாகவே மாட்டேன்னு அடம் புடிச்சது அடியில தங்கிரும். நம்ம ரோட்டுக்குப் போட்டாங்களே தாரு, அது அதுலேர்ந்து வர்றதுதான்."

"சோத்துப்பானை மூடியில தண்ணி கோத்து நிக்குதே, அதானே?" என்றாள் அக்கா. "இதுக்கா போர்ட்டிக்சன் வரைக்கும் போனீங்க? அடுப்பைப் பத்தி எனக்கே பாடமா?"

"உனக்கு இல்லலா. டீச்சருக்கு" என்று என்னைக் காட்டினார். "நாளைக்கு இவ புள்ளைங்களுக்குச் சொல்லித் தரணும்ல. ஒண்ணா கலந்து கெடந்ததை நெருப்பு எப்படிப் பிரிச்சி வெக்குதுன்னு."

அன்றிரவு மூவரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். மறுநாள் அவர் பஸ் ஏறினார். போத்தல்கள் ஜன்னலிலேயே இருந்தன. அக்காவுக்கு அவற்றை எடுத்து வைக்க மனமில்லை. அவர் இல்லாத நாளில் அவர் நின்ற இடத்தில் அவை நின்றன.

அதற்கடுத்த நாள் நல்ல வெயில். நான் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். உள்ளே குழந்தை இருமும் சத்தம், அதன் மேல் அக்காவின் அலறல். ஓடிப் போனேன். நாற்காலி ஜன்னலோரம் இழுபட்டுக் கிடந்தது. ஆரஞ்சுப் போத்தல் தரையில் உருண்டிருந்தது. அக்கா குழந்தையின் வாயில் உப்புத் தண்ணீரை ஊற்றி, மடியில் குப்புறப் போட்டு, விரலைத் தொண்டைக்குள் விட்டுக்கொண்டிருந்தாள்.

அதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். நாங்கள் வளர்ந்த தோட்டத்தில் யாராவது வேண்டாததைக் குடித்துவிட்டால் லயத்து வீடெல்லாம் கூடி உப்புத் தண்ணீரைக் கரைத்து ஊற்றும். வாந்தி எடுத்தால் பிழைத்தார்கள் என்று அர்த்தம். குழந்தை வாந்தி எடுத்தாள். திரும்பவும் எடுத்தாள். அக்கா கண்ணீரோடு சிரித்தாள். "வந்துருச்சிடி, எல்லாம் வெளிய வந்துருச்சி!"

ஆனால் இருமல் நிற்கவில்லை. மூச்சு சின்னச் சின்னதாக ஓடியது. உதடு நீலம் பூத்தது. எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் எங்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார். மளிகைக் கடைக்காரர் ஆலைக்குப் போன் போட்டார். மாலையில் மாமா வேலை உடுப்போடேயே வந்து சேர்ந்தார்.

டாக்டர் மாமாவையும் என்னையும் வராந்தாவுக்கு அழைத்தார். அக்கா கட்டிலை விட்டு நகரவில்லை. வாந்தி தானாக வந்ததா, வரவழைத்தீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். வரவழைத்தோம் என்று நான் சொன்னேன். மண்ணெண்ணெய் வயிற்றோடு கிடந்திருந்தால் பிழைக்க வழி இருந்திருக்கும், மேலே ஏறி வரும்போதுதான் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடுகிறது என்றார் அவர்.

"தெரியும்" என்றார் மாமா.

டாக்டர் போன பிறகு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பேசினார். "வேலைக்குச் சேந்த மொத வாரமே சொல்லிக் கொடுத்தாங்க. பலகையில எழுதியே மாட்டியிருக்கு. குடிச்சிட்டா வாந்தி எடுக்க வெக்காதேன்னு. கோபுரம், தட்டு, தாரு... எல்லாக் கதையும் சொன்னேனே. அதைச் சொல்லலியே." என் கையைப் பிடித்தார். அவர் என்னைத் தொட்டுப் பேசியது அந்த ஒரு தடவைதான். "அவளுக்கு இது தெரியக் கூடாது. போத்தலைக் கொண்டாந்தது நானு. அதோட இருக்கட்டும். தன் கையாலதான் போச்சின்னு தெரிஞ்சா அவ உசுரோட இருக்க மாட்டா."

மறுநாள் மத்தியானம் குழந்தை போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வேறு பிள்ளை பிறக்கவில்லை. மாமா அதே ஆலைக்கு, அதே கோபுரத்துக்குப் போய் வந்தார். அக்கா அவரைக் கிணற்றடியில் குளிக்க வைத்துத்தான் உள்ளே விடுவாள். உப்புக் கூடினாலும் மழை ஒழுகினாலும் சண்டை கடைசியில் அந்த ஜன்னலுக்கே வந்து சேரும்.

"நீங்கதானே கொண்டாந்து வெச்சீங்க?"

"ஆமா, நான்தான்."

"அழகு பாக்க வெஷத்தையா கொண்டாருவாங்க?"

"தப்புத்தான்மா."

நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். ஒரே வார்த்தையில் அவரை விடுவித்திருக்கலாம். அதே வார்த்தை அக்காவைக் கொன்றிருக்கும்.

காலம் மாறி, மண்ணெண்ணெயும் பெயிண்டில் கலக்கும் தின்னரும் கடையில் மூடி போட்ட போத்தலில் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றிலும் ஒரு காகிதம். அதில் மலாயில் எச்சரிக்கை: விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அக்காவுக்கு மலாய் நன்றாகப் படிக்க வரும். மாமா அந்தச் சாமான்களை அவளை வாங்க விடமாட்டார். தானே வாங்கி வந்து, வேலிப் படலுக்கு வெளியே நின்று, எச்சில் தொட்டுக் காகிதத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒட்டுப்பசை காய்ந்த மொட்டைப் போத்தல்கள் அந்த வீட்டு அலமாரியில் எப்போதும் இருந்தன.

ஏதோ ஒரு வருஷத்திலிருந்து அக்கா ஜன்னல் சண்டையை விட்டுவிட்டாள். அவர் குளிக்கும்போது துண்டோடு பக்கத்தில் நிற்பாள். வயசாகிவிட்டது, கோபம் ஆறிவிட்டது என்று நானும் மாமாவும் நினைத்துக்கொண்டோம்.

இந்த வருஷம் மாமாவும் போய்விட்டார். காரியம் எல்லாம் முடிந்து ஒரு நாள், அரிசி அலமாரிக் காலில் எறும்பு ஏறுகிறது, வரும்போது மண்ணெண்ணெய் வாங்கி வா என்றாள் அக்கா. நான் இப்போது குடியிருக்கும் கிளேபாங்கிலிருந்து வரும் வழியில் வாங்கிக்கொண்டேன். படலுக்கு முன்னால் என் கால் தானாக நின்றது. கட்டைவிரலை நக்கித் தேய்த்தேன். பாதிக் காகிதம்தான் வந்தது. மீதி போத்தலிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

நிமிர்ந்தால், வாசலில் அக்கா.

"நீயும் ஆரம்பிச்சிட்டியா?"

அவள் இறங்கி வந்து போத்தலை வாங்கிக்கொண்டாள். கிழிந்து நின்ற எழுத்துகளை முந்தானையால் துடைத்தாள்.

"ஊருல எத்தனை கடை இருக்கு. எல்லாப் போத்தலையும் அவரால கிழிக்க முடியுமா?" என்றாள். "நின்னு நின்னு சொரண்டிட்டு வருவாரு. நகமெல்லாம் பசை. நான் படிச்சிட்டேன்னு தெரிஞ்சா அதையும் தாங்க மாட்டாரு. சரி, கிழிக்கட்டும்னு விட்டுட்டேன்."

உள்ளே போய், அலமாரிக் கால்களுக்கு அடியில் வைத்த எறும்புக் கிண்ணங்களில் ஊற்றினாள். மண்ணெண்ணெய் தண்ணீர் மாதிரியே விழுந்தது.