‘ரெண்டுமே ஓடும்’ என்று சொன்னவன்

பாளையங்கோட்டையில் ஒரு பார்சல் சர்வீஸ் அலுவலகத்தில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். அங்கே புக்கிங்குக்கு இருந்த பழைய புரோகிராமை எழுதியவர் எப்போதோ துபாய்க்குப் போய்விட்டார். அது பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஒரு கிளையில் கம்ப்யூட்டர் பழுதானால், அதே காலத்துக் கம்ப்யூட்டர் இன்னொன்றைத் தேடி அலைய வேண்டும். கடைசியில் முதலாளி அண்ணாச்சி என்னையும் என்னோடு வேலை பார்த்தவனையும் கூப்பிட்டார்.

“பிரவுசர்ல ஓடுத மாதிரி புதுசா செஞ்சிருங்க. எதுல செய்யணும்னு ரெண்டு பேரும் பேசிட்டு வந்து சொல்லுங்க.”

அவன் என்னைவிட இளையவன், கெட்டிக்காரன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அண்ணாச்சியிடம் சொல்லி அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான்.

புரோகிராம் எழுத அடித்தளமாக இருக்கும் இரண்டு ஃபிரேம்வொர்க்குகளைப் பார்த்தோம். ஒன்று லாராவெல். பக்கத்தை சர்வரிலேயே தயார் செய்து அனுப்பிவிடும். பகட்டு இல்லை, ஆனால் லேசானது. மற்றது அப்போது எல்லாரும் பேசிக்கொண்டிருந்த புதுசு. திறந்துவிட்டால் திரை வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் திறப்பதற்கு முன்னால் ஒரு மூட்டை ஸ்கிரிப்ட் இறங்கியாக வேண்டும். இரண்டிலும் ஒரு புக்கிங் திரை செய்து, சிக்னல் மோசமான நாங்குநேரி கிளைக்கு எடுத்துப் போனோம். லாராவெல் சட்டென்று திறந்தது. மற்றதில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பார்சலைத் தூக்கிக்கொண்டு நின்ற ஆள் அதைத் தரையில் இறக்கி வைத்துவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவனே சொன்னான்: “இது நம்ம கிளைகளுக்கு ஆகாதுக்கா. நீங்க சொல்லுத லாராவெல்தான் சரி.”

மறுவாரம் அண்ணாச்சியின் அறையில் உட்கார்ந்தோம். அங்கே வைஃபை நன்றாக வரும். அவன் லேப்டாப்பைத் திறந்து புதியதை ஓட்டிக் காட்டினான். அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. நான் நாங்குநேரியில் நடந்ததைச் சொன்னேன்.

“என்ன தம்பி, அப்படியா?”

அவன் என் பக்கம் திரும்பவில்லை. “ரெண்டுமே ஓடும் அண்ணாச்சி. ஆனா இனிமே எல்லாம் இதுதான்.”

“அப்போ இதையே செய்ங்க. இன்னும் பழசுலயே கிடக்க முடியுமா?”

வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவன் தயங்கக்கூட இல்லை. “இன்டர்வியூவுல எல்லாரும் இதைத்தான்க்கா கேக்குதாங்க. செஞ்சிருக்கேன்னு சொல்லணும்லா.” எனக்குப் புரியும் என்று நினைத்தான். புரிந்தது. அதுதான் கசந்தது.

முக்கால்வாசியை அவனே எழுதினான். அது எல்லாக் கிளைகளுக்கும் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவன் எழுதியதைப் படித்துப் படித்து நான் கற்றுக்கொண்டேன். ஃபிரேம்வொர்க்கின் அடுத்த பதிப்பு வந்ததும் பாதித் திரைகள் வேலை செய்யாமல் போயின. அவற்றைச் சரிசெய்வதே என் வேலையாகிவிட்டது.

சூரசம்ஹாரக் கூட்டத்தில் திருச்செந்தூரில் சிக்னல் அடைத்துக்கொண்டது. திரை திறக்கவே இல்லை. கிளை மேனேஜர் போனில் கத்தினார். “பழசுல பட்டுனு அடிச்சுக் குடுத்திருவோமே. இதை மாத்தணும்னு எவன் சொன்னான்?” அண்ணாச்சி, அலுவலகமே கேட்க, என்னிடம் சொன்னார்: “நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதானம்மா முடிவு பண்ணுனீங்க?”

“நான் இது வேண்டாம்னுதான் சொன்னேன் அண்ணாச்சி” என்றேன். அவருக்கு அது ஞாபகம் இல்லை. நான் சாக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

அடுத்த வருஷத் தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் மைசூர்பாகு டப்பாவோடு அலுவலகத்துக்கு வந்தான். அண்ணாச்சி அவனை உட்காரவைத்துக் காபி வரவழைத்தார். கிளம்பும்போது என் மேஜைப் பக்கம் வந்தான்.

“எப்படி ஓடுதுக்கா?”

“ஓடுது.”

“இப்போ உங்களுக்கும் இது அத்துபடிலா. பெங்களூருக்கு வாங்க, நான் எங்க கம்பெனியில சொல்லுதேன். அன்னைக்கு நான் பிடிவாதமா நின்னது உங்களுக்கும் நல்லதாப் போச்சு பாத்தீங்களா?”

கேலி இல்லை. மனசாரத்தான் சொன்னான். எனக்கு நல்லது செய்ததாகவே நம்பிக்கொண்டிருந்தான். தெரிந்தே செய்த துரோகம் என்று அவன் நினைத்திருந்தால்கூட சண்டை போட்டிருப்பேன். வேலை கிடக்கு என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவன் கூப்பிட்டால் நான் எடுப்பதில்லை.