மூன்றாவது குமிழ்

கிடார் வாசிப்பவர்களுக்கு ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டி செய்து கொடுத்துப் பிழைத்த அந்த மனிதருக்குத் தெருவில் 'இரைச்சல்' என்று பெயர். கடைக்கு யார் வந்தாலும், வாங்க என்று சொல்வதற்கு முன்னால் "இரைச்சல் வருதா?" என்று கேட்பார். அந்தப் பெயரில் அவருக்குப் பெருமைதான்.

அவர் செய்தது, பழைய ரேடியோவில் இருப்பதுபோல் கண்ணாடி வால்வு போட்ட சின்ன ஆம்ப். ஒரு கையால் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிவிடலாம். வாசிக்காதபோது அது ஓடுகிறதா என்றே தெரியாது. வாசித்தால் விரல் செய்தது மட்டும் கேட்கும், கூடவும் கேட்காது, குறையவும் கேட்காது. சின்ன ஆம்பில் இது லேசுப்பட்ட காரியமல்ல. கொஞ்சம் சத்தம் கூட்டினாலே வால்வு கரகரக்க ஆரம்பித்துவிடும். அந்தக் கரகரப்புக்காகவே வாங்குகிறவர்கள் நிறைய. இவருக்கோ அதைக் கேட்டால் பல் கூசும். தேவைக்கு மேல் ஒரு சுற்றுப் பெரிய டிரான்ஸ்பார்மரும் நல்ல ஸ்பீக்கரும் போட்டு, அதைத் தலைகாட்ட விடாமல் செய்துவிடுவார்.

முன்பக்கம் திருகுகிற குமிழ்கள் மூன்று. ஒன்று சத்தத்துக்கு, ஒன்று கூர்மைக்கு. மூன்றாவதற்கு உள்ளே ஒயரே கிடையாது. "இன்னும் கொஞ்சம் இதமா..." என்று இழுக்கிறவர்களுக்காக வைத்தது. அதைத் திருகிவிட்டு "இப்ப எப்படி இருக்கு?" என்பார். "ஆங், இப்பதான் சரியா இருக்கு" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் படியிறங்கியதும் வயிறு குலுங்கச் சிரிப்பார். முப்பது வருஷத்தில் ஒருவர்கூடக் கண்டுபிடித்ததில்லை.

அவருடைய மனைவியின் தம்பி ஒரு ஓட்டலில் பன்னிரண்டு வருஷமாக மாலை நேரங்களில் கிடார் வாசித்து வந்தான். திடீரென்று வாதம் வந்து, இடது கையில் இரண்டு விரல்கள் பாதி செத்துவிட்டன. நாலு மாதம் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டு கிடந்தான். அதற்குள் ஓட்டலுக்குப் புது மேனேஜர் வந்துவிட்டார். வியாழக்கிழமை வந்து வாசித்துக் காட்டுங்கள், வைத்துக்கொள்வதா என்று பிறகு பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினார்.

"மாமா, எனக்குச் சுத்தமெல்லாம் வேணாம். லேசா கரகரப்பு இருந்தா போதும். விரல் சரியா அழுத்தலேன்னாலும் சத்தம் கொஞ்சம் நின்னு கேக்கும். தடுமாறுறது வெளிய தெரியாது."

"வாசிக்கத் தெரிஞ்சவனுக்கு மறைப்பு எதுக்குடா?"

"ஏங்க, அவன் கேக்கிறதச் செஞ்சு குடுங்களேன்" என்றாள் மனைவி. "உங்க கொள்கைய வேற ஆளுகிட்ட வெச்சுக்குங்க."

"சரி சரி, மூணாவது நாப்ல வெச்சுத் தர்றேன்" என்றார்.

அரை மணி நேர வேலை. அவனுக்கென்று எடுத்துவைத்த ஆம்பைத் திறந்தார், சாலிடரிங் அயர்னைச் சூடாக்கினார். அதுவரை செய்ததிலேயே அருமையானது அது. அதில் போய் அழுக்கைச் சேர்ப்பதா? மனசு வரவில்லை. அவன் வியாதி கையில் இல்லை, மனசில்தான் என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு மூடிவிட்டார். பாவி மனிதர்.

மறுநாள் தம்பி கடையிலேயே மெல்ல வாசித்துப் பார்த்தான். மூன்றாவது குமிழைத் திருகினான்.

"தெரியுதா?"

"தெரியுது மாமா" என்றான். கண் கலங்கியிருந்தது. அன்று இரைச்சல் சிரிக்கவில்லை. அவருடைய மனசாட்சி செய்த வேலை அவ்வளவுதான்.

வியாழக்கிழமை ஓட்டல் கூடத்தில் மேனேஜரும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டார்கள். அழுத்தாத விரலுக்கடியில் ஒவ்வொரு ஒலியும் பாதியில் செத்தது. கம்பியில் விரல் வழுக்கிய கீச்சொலியைக்கூட அந்த நல்ல ஆம்ப் ஒன்று விடாமல் கடைசி நாற்காலி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. தம்பி குனிந்து குனிந்து மூன்றாவது குமிழைத் திருகினான். கடைசிக்கே திருகிவிட்டான். "உடம்பப் பாத்துக்குங்க" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார் மேனேஜர்.

"முழுசாத் திருகிப் பாத்துட்டேன்க்கா" என்று அக்காவிடம் வந்து சொன்னான். "அவ்வளவு வெச்சும் மறைக்க முடியலேன்னா, என் கை முடிஞ்சுபோச்சுன்னுதான் அர்த்தம். கிடாரையும் ஆம்பையும் அங்கேயே வெச்சுக்கச் சொல்லிட்டேன்." பந்தையும் அன்றே குப்பையில் போட்டான்.

பத்து நாள் கழித்து, மதியம் கடைக்குப் பின்னறையில் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இரைச்சலின் கை எச்சில். மனைவி ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தாள். ஓட்டல் மேனேஜர்.

"சார், எங்க புது ஆளு உங்க ஆம்ப விட்டு நகர மாட்டேங்கிறார். அவ்வளவு சுத்தமாம். இன்னும் ரெண்டு வேணும். ஒரே ஒரு குறை, அந்த மூணாவது நாப் வேலை செய்யல."

முப்பது வருஷப் பெருமை முந்திக்கொண்டது. "அது சும்மா சார். உள்ள ஒயரே கிடையாது. கேக்கிறவங்க திருப்திக்கு வெச்சது."

சொன்ன பிறகுதான் எதிரில் இருப்பவன் நினைவு வந்தது. தம்பி தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"ஒயரே கிடையாதா மாமா?"

"ஹலோ, ரெண்டும் எப்ப கிடைக்கும்?" என்றது போன்.

மனைவி போனை அணைக்கவில்லை. புருஷன் முகத்தையே பார்த்தாள். "பதில் சொல்லுங்க" என்றாள்.

அவர் தம்பியைப் பார்க்காமல் போன் பக்கம் குனிந்தார்.

"அடுத்த மாசம் தர்றேன் சார்."