பொட்டலக்கார ஓஸ்மெலும் எடெல்சோவின் நடனமும்

ஓஸ்மெல் என்ற பெயரை எனெய்டா முதன்முதலாகக் கேட்டது ரொட்டி வரிசையில். எடெல்சோவைக் கல்யாணம் செய்துகொண்டு கைபாரியெனுக்கு வந்து சேர்ந்த புதிது. கடலோர ஊரின் நண்டு வாடைகூட இன்னும் பழகவில்லை. அவளுக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"உன் டீவி என்ன ஆச்சு?"

"கிளியோஃபெ மகன் ஓஸ்மெல்கிட்ட குடுத்திருக்கேன்."

"அப்ப அது செத்துச்சுன்னு நெனச்சுக்கோ."

"செத்ததைத்தானடி அவன்கிட்ட குடுக்கறோம். உசுரோட இருந்தா வீட்டுலயே வச்சுப் பாக்க மாட்டோமா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. எனெய்டாவும் சிரித்துவைத்தாள், யாரென்று தெரியாமலே.

கிளியோஃபெ தையல்காரி. பதினைந்து வயது நிறைந்த பெண்ணோடு அவள் அப்பா வால்ட்ஸ் என்ற ஜோடி நடனம் ஆடுகிற விழா அந்த ஊர் வழக்கம்; அந்தப் பெண்களுக்கெல்லாம் விழா கவுன் தைத்தவள் அவள்தான். புருஷன் சர்க்கரை ஆலையில் எலக்ட்ரீஷியன். ஓஸ்மெல் கைப்பிள்ளையாக இருந்தபோதே கமகுவே ஊர்க்காரி ஒருத்தியோடு போய்விட்டான். போகும்போது கருவிப் பெட்டியை மட்டும் மறந்து வைத்துவிட்டான். அந்தப் பெட்டிதான் பையனுக்கு அப்பன். வளர்ந்ததும் அவனும் அதே ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். ஆலையை மூடினார்கள். வீட்டு முன்னறையில் டீவி ரிப்பேர் செய்தான், வீடியோ கேசட் வாடகைக்கு விட்டான், கேசட் போய் டிவிடி என்கிற வட்டத் தட்டு வந்தபோது அதை விற்றான். கடைசியில் பொட்டலம் வந்தது.

பொட்டலம் என்றால் தாளில் கட்டியது அல்ல. வாராவாரம் ஹவானாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் ஒரு ஹார்ட் டிஸ்க். அந்த வாரத்துத் தொடர்கள், படங்கள், பாட்டு, பந்தாட்டம் எல்லாம் அதற்குள் இருக்கும். இணையம் இல்லாத ஊரில் அதுதான் இணையம். ஆளாளுக்குத் தங்கள் டிஸ்கைத் தூக்கிக்கொண்டு ஓஸ்மெல் வீட்டுக்குப் போவார்கள். "வழக்கம்போல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். போன வாரம் பார்த்ததை அழித்துவிட்டு இந்த வாரத்ததை நிரப்பித் தருவான். அழிக்கவா என்று அவன் கேட்பதும் இல்லை, அழி என்று யாரும் சொல்வதும் இல்லை.

அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிளியோஃபெவுக்குப் புத்தி தடுமாறி, இல்லாத கவுனுக்கு இல்லாத ஊசியில் நூல் கோத்துக்கொண்டு பக்கத்தறையில் உட்கார்ந்திருப்பாள். அவளைக் குளிப்பாட்டி, கிழங்கு மசித்து ஊட்டிவிட்டு, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் டிஸ்கைத் தொடுவான்.

எடெல்சோ புறப்பட்டுப் போனது லிஸ்பெத்துக்கு ஒன்பது வயதானபோது. திருட்டுத்தனமாக நாட்டை விட்டு வடக்கே போகிற படகில் அவனுக்கும் ஓர் இடம் கிடைத்தது. புறப்படுவதற்கு முன் ஒரு பிற்பகல், புகைப்படக்காரரிடம் கேமராவை இரவல் வாங்கி வந்து குளிர்பெட்டிமேல் வைத்தான். எனெய்டாவை அடுப்படிக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினான்.

"என்னன்னு நான் கேக்கக் கூடாதா?"

"கூடாது. அவளுக்கு அது. பதினஞ்சாவது வயசுல. அங்கிருந்து என்னால வர முடியலேன்னா போட்டுக் காட்டு."

"வர முடியலேன்னாங்கற பேச்சே வேணாம்."

"சரி, வந்துடுவேன். அப்ப நானே ஆடிடுறேன். இதை அழிச்சுடலாம்."

கதவுக்கு அந்தப் பக்கம் முதலில் பேச்சு கேட்டது, என்ன பேச்சு என்று புரியவில்லை. அப்புறம் வால்ட்ஸ் இசை. அதற்குப் பிறகு தரையில் செருப்பு தேயும் சத்தம். வெளியே வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. "டிஸ்குல போட்டு வச்சிருக்கேன். நம்ம குட்டி கைக்கு எட்டாத மாதிரி" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

படகு போய்ச் சேரவில்லை. அதில் போன யாரும் எங்கும் கரையேறியதாகச் செய்தி வரவில்லை. எடெல்சோவின் அம்மா அந்தத் துக்கத்திலேயே போனாள். அவன் பெரியப்பா மகள் மிக்தாலியா மட்டும்தான் அந்தப் பக்கத்து உறவென்று மிச்சம். யார் வீட்டில் என்ன நடக்கிறதென்று அரசாங்கத்துக்குச் சொல்லும் தெருக் கமிட்டிக்குத் தலைவி.

டிஸ்க் பல வருஷம் துணி அலமாரியில் கிடந்தது. பொட்டலம் நிரப்ப வீட்டில் வேறொன்று இருந்தது. லிஸ்பெத்துக்குப் பதினைந்து நெருங்கிய அந்த வருஷம், மின்சாரம் போய்த் திரும்பி வந்த வேகத்தில் அந்த வேறொன்று கருகிப்போனது. தொடர் பாதியில் நிற்கிறது; துருக்கிக்காரப் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று தெருவே பேசுகிறது. எனெய்டா அலமாரியைத் திறந்தாள்.

"ஃபோட்டோ இருக்கற ஃபோல்டரைத் தொடாதே. மத்தது வழக்கம்போல" என்றாள் ஓஸ்மெலிடம்.

அவன் தொடவில்லை. ஃபோட்டோ ஃபோல்டர் அப்படியே இருந்தது. ஆனால் எடெல்சோ வீடியோவை அதில் வைக்கவில்லை. மகள் ஃபோட்டோ எல்லாவற்றையும் துருவுவாள் என்று தெரிந்து, ஊரே இரண்டு முறை பார்த்து முடித்த ஒரு பழைய பிரேசில் தொடரின் பெயர் போட்ட ஃபோல்டரில் ஒளித்து வைத்திருந்தான். அந்தப் பெயரைப் பார்த்தால் எந்தக் குழந்தையும் திறக்காது. எந்தப் பொட்டலக்காரனும் அழித்துவிடுவான்.

விழா வீடியோ எடுப்பவர் வந்து, அப்பா ஆடியதைக் கொடுங்கள், நடுவில் சேர்த்துவிடலாம் என்று கேட்டபோதுதான் தேடினாள். தேடிவிட்டு, காலில் செருப்புகூடப் போடாமல் டிஸ்கைத் தூக்கிக்கொண்டு ஓஸ்மெல் வீட்டுக்கு ஓடினாள்.

அவன் கேட்டுவிட்டு, முதல் வாரம் அந்த டிஸ்கிலிருந்து தான் எதை அழித்தோம் என்று யோசித்துப் பார்த்தான்.

"பிரேசில் தொடரா இருந்துச்சு அக்கா. யாருமே மறுபடி பாக்க மாட்டாங்கன்னு..."

"அழிச்சுட்டியா?"

"அழிச்சேன்."

பக்கத்தறையிலிருந்து கிளியோஃபெ, "யாருக்கு அளவு எடுக்கணும்?" என்று குரல் கொடுத்தாள்.

"இங்க பாருங்க" என்றான் ஓஸ்மெல். "நாட்டை விட்டுப் போனவங்க வீட்டுக் கதவுல அரசாங்கத்துல சீல் ஒட்டுறாங்கல்ல? ஒட்டின உடனே உள்ள இருக்கற கட்டிலும் மேசையும் மறைஞ்சா போகுது? வேற குடும்பத்துக்கு ஒதுக்கி, அவங்க வந்து சாமானை எடுத்து வீசுற வரைக்கும் எல்லாம் உள்ளதான் இருக்கும். அழிக்கறதும் அப்படித்தான். சீல் ஒட்டுறேன், அவ்வளவுதான்."

"அப்ப இருக்கா?"

"அதுக்கப்புறம் எத்தனை வாரம் நிரப்பிக் குடுத்திருக்கேன். எத்தனை வீட்டுல ஆள் குடிவந்துச்சுன்னு பாக்கணும். இனிமே இதை எதுலயும் சொருகாதீங்க. என்கிட்டயே இருக்கட்டும்."

கிடைப்பதை எடுத்து வைக்க அவனுக்கு வேறு டிஸ்க் வேண்டும். புதிதாக வாங்க வழியில்லை. ஹவானாவிலிருந்து பொட்டலம் ஏற்றிவரும் தன் டிஸ்கையே காலி செய்தான். அந்த வாரம் தெருவுக்குத் தொடர் இல்லை. கதவைத் தட்டியவர்கள் திட்டிவிட்டுப் போனார்கள். "கல்யாணத்துக்கப்புறம் என்ன ஆச்சுன்னாவது வாயால சொல்லுடா" என்று ஒருத்தி ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

டிஸ்கை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை படிக்க விட்டான். பாதி ஓடும்போது மின்வெட்டு வரும். வந்தால் முதலிலிருந்து ஓட்டவேண்டும். இப்படி நின்று நின்று ஓடியதில் டிஸ்குக்கு உள்ளே டிக் டிக்கென்று ஒரு சத்தம் தொடங்கியது. அந்தச் சத்தம் நல்லதல்ல என்று அவனுக்குத் தெரியும். ஈரத்துணி போர்த்தி, விசிறியைப் பக்கத்தில் வைத்து, காய்ச்சல்காரக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டான்.

ஒருநாள் காலை எனெய்டாவுக்கு ஆள் அனுப்பினான். ரேஷனில் வரும் பட்டாணிப் பொடி கலந்த காபியை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரையைக் காட்டினான்.

எடெல்சோ ஆடுகிறான். சத்தம் இல்லை. அவன் நெட்டையன், கேமரா குளிர்பெட்டிமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. எழுந்து நின்றதும் அவன் தலை சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. கழுத்துக்குக் கீழேதான் தெரிகிறது. வெள்ளைச் சட்டை. இடது கை நீண்டு யாருடைய கையையோ பிடித்திருக்கிறது. வலது கை யாருடைய முதுகிலோ இருக்கிறது. அங்கே யாரும் இல்லை. ஒரு சுற்று சுற்றுகிறான், இன்னொரு சுற்று. அதோடு படம் உடைந்து சாம்பல் நிறமாகிறது.

"பேசினது?" என்றாள்.

அவன் விரலால் மேசையைத் தேய்த்தான்.

"முன்னாடி உக்காந்து பேசியிருக்காரு. அந்த இடத்துல இப்ப துருக்கித் தொடர் இருக்கு. நீங்க பாத்திருப்பீங்க, கல்யாணம் நடக்கற அந்த எபிசோடு. அது அவரு மேலதான் உக்காந்துருக்கு."

அவள் பார்த்திருந்தாள். பார்த்து அழுதும் இருந்தாள். கல்யாணம் நடந்துவிட்டதே என்று மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இன்னும் ஒரு தடவை ஓட்டிப் பாக்கறேன்" என்றான் ஓஸ்மெல். "ஓரத்துல ஏதாவது தொங்கிக்கிட்டு இருக்கலாம். குரல் கொஞ்சம் கிடைச்சாலும் கிடைக்கும். அதுவரைக்கும் ரெண்டு டிஸ்கும் இங்கயே இருக்கட்டும்." ஆடியதைப் போட்டுக்கொண்டு போக எனெய்டாவிடமும் வேறு டிஸ்க் இல்லை. வெறுங்கையோடு வீட்டுக்குப் போனாள்.

அதற்கப்புறம் அவன் செய்ததை இன்றைக்கும் ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள், காப்பாற்றத்தான் என்று சிலர், விற்கத்தான் என்று சிலர். டிஸ்க் இன்றோ நாளையோ நின்றுவிடும் என்று அவனுக்குப் பயம். மீட்டதை எடுத்து வைத்த தன் டிஸ்கும் ஒன்றுதான், அதுவும் கருகினால் எடெல்சோ இரண்டாம் தடவை போய்விடுவான். அவன் தொழிலில் ஒரு பொருளைக் காப்பாற்ற ஒரே வழிதான் உண்டு, எல்லார் வீட்டுக்கும் கொடுத்துவிடுவது. வேறோர் ஊர்ப் பொட்டலக்காரனிடம் வாங்கி வந்து அந்த வாரத்ததை நிரப்பியபோது, தலையில்லாத அந்த நடனத்தையும் நடுவில் வைத்து அனுப்பினான். எனெய்டாவிடம் கேட்கவில்லை.

அவள் அதையும் ரொட்டி வரிசையில்தான் கேள்விப்பட்டாள்.

"உன் வீட்டுக்காரரைப் பாத்தோம் எனெய்டா. என்ன நளினமா ஆடுறாரு."

"தலையைத்தான் காணோம்" என்றது இன்னொரு குரல். யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

அவள் ரொட்டி வாங்காமலே நேராக மிக்தாலியா வீட்டுக்குப் போனாள்.

"செத்தவனைக் கடைச்சரக்காக்கிட்டான் அக்கா. நாலு வார்த்தை நீங்க கேளுங்க. நான் கேட்டா அடிச்சுடுவேன்."

"உக்காரும்மா. தண்ணி குடி. எடெல்சோ எனக்குத் தம்பி. நான் பாத்துக்கறேன்."

திட்டச் சொல்லித்தான் எனெய்டா கேட்டாள். அதற்குமேல் அவள் நினைக்கவில்லை. மிக்தாலியா யாரிடம் சொன்னாள், அவர் யாரிடம் சொன்னார் என்பது தெரியாது. சனிக்கிழமை இன்ஸ்பெக்டர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஓஸ்மெலின் உரிமம் வட்டத் தட்டு விற்பதற்கு மட்டும்தான், டிஸ்க் நிரப்ப அல்ல என்றார்கள். ஊரில் எல்லாப் பொட்டலக்காரனுக்கும் அதே உரிமம்தான். கம்ப்யூட்டரைத் தூக்கினார்கள். டிஸ்குகளைத் தூக்கினார்கள். துணி போர்த்திய ஒன்று டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அது என்னுது இல்லீங்க" என்றான் ஓஸ்மெல். "ஒரு அம்மாவோடது. புருஷன் கடல்ல போயிட்டாரு. அதை மட்டும் விட்டுட்டுப் போங்க."

"எல்லாருமே அதான் சொல்றாங்க" என்று ஒருவன் வயரைப் பிடுங்கினான்.

கிளியோஃபெ வாசல்வரை வந்து, "கவுன் இன்னும் முடியலையே, அதுக்குள்ள எடுத்துட்டுப் போறீங்களே" என்றாளாம்.

எனெய்டா இரண்டு நாள் கழித்து அங்கே போனபோது மேசை வெறுமையாக இருந்தது. ஓஸ்மெல் அம்மாவுக்குக் கிழங்கு ஊட்டிக்கொண்டிருந்தான். யார் சொன்னது என்று அவன் கேட்கவில்லை. நான்தான் என்று அவளும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரியும்.

"ஆடினது பொட்டலத்துல போயிருக்கு அக்கா" என்றான், ஸ்பூனைப் பார்த்துக்கொண்டே. "அடுத்த வாரத்துது நிரப்பறதுக்குள்ள போய்க் கேளுங்க. சீக்கிரமா போங்க."

வீடு வீடாகப் போனாள். வரிசையில் சிரித்தவள் வீட்டுக்கும் போனாள். வேறு பொட்டலக்காரன் அதற்குள் தெருவுக்குள் வந்துவிட்டிருந்தான். எல்லார் டிஸ்கிலும் புதிய வாரம். "அட, நேத்துதான் வழக்கம்போலன்னு குடுத்தோம்" என்றார்கள். ஒருத்தி நிஜமாகவே வருத்தப்பட்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்தாள்.

கடைசியில் கிடைத்தது நண்டு பிடிக்கும் கிழவர் எவெலியோ வீட்டில். காது கேட்காதவர். அவருக்குத் தொடர் வேண்டாம், பந்தாட்டம் மட்டும் போதும். கால்வலியால் அந்த வாரம் டிஸ்கைக் கொடுத்தனுப்பவில்லை.

"இந்த ஆளா?" என்றார். "எனக்கு இது புடிச்சிருந்துச்சு. நாலு தடவை பாத்தேன். இதுல சத்தமே இல்லைன்னு சொன்னாங்க. கேக்காதது எனக்கு மட்டுமில்லைன்னு நெனச்சேன்."

விழா அன்று முற்றத்தில் டீவியை வைத்தார்கள். கிளியோஃபெ எப்போதோ தைத்த பழைய கவுன் ஒன்றைப் பிரித்துத் தைத்து லிஸ்பெத் போட்டிருந்தாள். அப்பாவுக்குப் பதிலாக மிக்தாலியாவின் புருஷன் அவளோடு வால்ட்ஸ் ஆடி முடித்ததும் எடெல்சோவைப் போட்டார்கள். அவள் டீவிக்கு முன்னால் நின்று, காற்றைப் பிடித்திருந்த அப்பாவின் கையைப் பார்த்தாள். தன் தோள் எங்கே இருக்கிறதென்று பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"என்னை இவ்வளவு குட்டையாவா நெனச்சாரு?" என்றாள்.

எடெல்சோ தன் மகளின் வளர்ச்சியைத் தவறாகக் கணக்குப் போட்டுவிட்டான். உட்கார்ந்து என்ன சொன்னான் என்பது இனி எவருக்கும் தெரியாது.

விழாவுக்கு ஓஸ்மெலைக் கூப்பிட எனெய்டா ஆள் அனுப்பியிருந்தாள். அம்மாவைத் தனியே விட முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டான். மறு வருஷம் கிளியோஃபெ இறந்தபோது இவள் போய் உடம்பைக் குளிப்பாட்டினாள். பிடித்துக்கொண்டு போன பொருள் எதுவும் திரும்பி வரவில்லை.

ஓஸ்மெல் இப்போது மீன் கிடங்கில் வாசல் காவல் வேலை பார்க்கிறான். வீட்டில் டீவிகூட இல்லை. காலையில் ரொட்டி வரிசைக்கு வந்து, எங்கள் ஊர் வழக்கப்படி, "கடைசி ஆள் யாரு?" என்று கேட்கிறான். எனெய்டா கடைசியாக இருந்தால் கையைத் தூக்குகிறாள். அவன் அவளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறான்.