இங்கே பிறந்த தேதி மாற்றித் தரப்படாது

பழைய ப்ரோகிராமைப் புதுக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் கொடுக்கும் தொழிலில், மெஷின் போடுகிற எந்தச் சத்தத்துக்கும் காரணம் கண்டுபிடித்துவிடலாம். இன்று இருட்டின பிறகு என் முன்ரூம் கதவின் அடியில் கேட்டது மெஷின் சத்தமில்லை. எதையோ வைத்து மரத்தைச் சுரண்டுகிற சத்தம். நிற்கும், மறுபடி வரும்.

ராஜபாளையத்தில் என் வீட்டு முன்ரூம்தான் கடை. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறார். வீட்டில் இரண்டு வயசு மகளும் நானும் மட்டும். தாழ்ப்பாள் போட்டால் வருகிறவர்கள் கடை இல்லையென்று திரும்பிவிடுவார்கள், அதனால் ஒன்பது மணி வரை வெறுமனே சாத்தித்தான் வைப்பேன். சுரண்டியது யார் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்குள் கொஞ்சம் ஆத்திரத்தைக் கொட்டிக்கொள்கிறேன். இதே பிழைப்பில் இருக்கிற உங்களுக்குத்தான் புரியும்.

சுவரில் மோதிய கார்

கிருஷ்ணன்கோவில் காலேஜில் வேலை பார்க்கும் ஒருவர், சின்ன வயசில் விளையாடிய கார் ரேஸ் ஃப்ளாப்பியோடு வந்தார். அவருடைய புது லேப்டாப்பில் ஓட்டினால், கார் கிளம்பின நொடியே சுவரில் மோதிக்கொண்டது. அந்த விளையாட்டு பழைய மெஷினின் மெதுவான வேகத்தை நம்பி எழுதப்பட்டது. எமுலேட்டர் என்பது புது மெஷினைப் பழைய மெஷினாக நடிக்க வைக்கும் ப்ரோகிராம். நடிக்கிறபோது வேகத்தையும் குறைத்தாக வேண்டும்.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கார் ஒழுங்காக வளைவு திரும்பும்வரை முக்கால் மணி நேரம் வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தேன். அவர் இரண்டு ரவுண்டு ஓட்டினார். ஜெயிக்கவும் செய்தார். பிறகு மூடியைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, எம்புட்டு ஆசையா வாங்குன லேப்டாப்பு இது. இத நொண்டியாக்கித் தரவா ஒங்கிட்ட வந்தேன்?"

ஒரு நாள் பிசகு

நாய் வளர்க்கும் பெரியவர் ஒருவர், தன் நாய்களின் வம்சாவளியை முப்பது வருஷமாக வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரே ப்ரோகிராமில் ஏற்றி வைத்திருந்தார். கம்ப்யூட்டர் செத்துப்போக, ஃப்ளாப்பியோடு என்னிடம் வந்தார். இன்றைய தேதியைக் கண்டால் அந்த ப்ரோகிராம் திறக்கவே திறக்காது; அவர் கம்ப்யூட்டரின் கடிகாரம் பழைய வருஷத்திலேயே நின்றுபோனதால்தான் அங்கே ஓடியிருக்கிறது. எமுலேட்டருக்குள் தேதியைப் பல வருஷம் பின்னால் தள்ளி வைத்துத் திறந்தேன். கெட்டுப்போன சில வரிகளை மட்டும் அவர் நோட்டைப் பார்த்து நானே அடித்தேன்.

அடித்ததில் ஒரு குட்டியின் பிறந்த தேதி ஒரு நாள் தப்பிவிட்டது. முழங்கால் வலியோடு மறுபடி இரண்டு தெரு நடந்து வந்தார். ஒரு நாள்தானே ஐயா, அந்தக் குட்டியும் இப்போது உயிரோடு இல்லையே என்று சலித்துக்கொண்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பொறந்த தேதியில பொய் எழுதுனா அப்புறம் எந்த வரியத்தான் நம்புறது? அடிச்சிட்டு எழுதும்மா. நா செத்த நேரம் உக்காந்திருக்கேன்."

இன்னொரு வரி

ஸ்ரீவில்லிபுத்தூரில் மூடிப்போன ஒரு நர்சிங் ஹோமின் பிரசவப் பதிவுகளும் இப்படியொரு பழைய ப்ரோகிராமில்தான் இருக்கின்றன. நடத்திய டாக்டரம்மா இப்போது பார்வை மங்கி வீட்டோடு இருக்கிறார். யாராவது சான்று கேட்டால் என்னிடம் அனுப்புவார். நான் பதிவைத் திறந்து, அவருடைய லெட்டர்ஹெட்டில் அச்சடித்துக் கொடுப்பேன். அவர் கையெழுத்துப் போடுவார்.

முந்தாநாள் ஒருவர் பைக்கில் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஸ்கூல் யூனிபார்மில் அந்தப் பெண் வாசலைத் தாண்டாமலே நின்றாள். பதிவு கிடைத்தது: பெண் குழந்தை, விடியற்காலை நாலு பத்து, எடை இரண்டு கிலோ நானூறு. வயசு பதினாறு. திரையின் மூலையில் நான் பின்னால் தள்ளி வைத்திருந்த தேதியை அவர் பார்த்துவிட்டார். "மெஷின் தேதியே நீ சொன்னபடி கேக்குது. இவ தேதியயும் ரெண்டு வருசம் பின்னால தள்ளிரு. கல்யாணத்துக்கு மண்டபம் சொல்லியாச்சு" என்றார்.

முடியாது என்று நாலு எழுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கான்வென்டில் பன்னிரண்டு வருஷம் குரலை உயர்த்தாமல் பேசப் பழக்கியிருந்தார்கள், நன்றாகவே பழகியிருக்கிறேன். பிரிண்டரில் ரிப்பன் தீர்ந்துவிட்டது, டாக்டரம்மாவும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று முனகினேன். நாய்க்குட்டிக்கு ஒரு நாள் பிசகியதற்கு ஒரு மனுஷன் நடந்து வந்த அதே ரூமில், பெற்ற மகளுக்கு இரண்டு வருஷத்தைக் கூசாமல் கேட்கிறார் ஒருவர். நான் ரிப்பனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அந்த ரிப்பனை நினைக்க நினைக்க இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் குனிந்து என் மகளின் கன்னத்தைத் தட்டினார். "டாக்டரம்மாவுக்குத்தான் கண்ணு தெரியாதுல்ல, நீ அடிச்சா கையெழுத்து விழுந்துரும். பாப்பாவும் நீயும் ஒத்தையிலதான இருக்கீக? நாளக் கழிச்சு வாரேன், ரெடியா வையி."

சுரண்டிய கை

அவர் சொன்ன நாள் இன்றுதான். பகலெல்லாம் தெருவில் பைக் நின்றால் ஜன்னலோரம் போய் எட்டிப் பார்த்தேன். இருட்டினதும் அந்தச் சத்தம். மகளைத் தூக்கிக்கொண்டு கதவை ஒரு விரல் அகலம் திறந்தேன். அந்தப் பெண் படியில் குத்தவைத்திருந்தாள், கையில் ஸ்கூல் ஸ்கேல். பெல் அடித்தால் அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும் என்று அதை வைத்துச் சுரண்டியிருக்கிறாள். டியூஷன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்தாளாம்.

உள்ளே இழுத்துக்கொண்டேன். குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டு, அவள் வயசையும் மண்டபத்தையும் சொன்னேன். என் குரல் அந்த அளவுக்கு உயரும் என்று எனக்கே தெரியாது. விருதுநகரிலிருந்து கிளம்புகிறோம், அதுவரை வெளியே விடாதீர்கள் என்றார்கள். அவள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. தேதியை மாற்றிவிட்டேனா என்று மட்டும் கேட்டாள். பதிவைத் திறந்து மானிட்டரை அவள் பக்கம் திருப்பினேன். விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள், நாலு பத்து, இரண்டு கிலோ நானூறு வரை. "அப்ப எனக்கு இன்னும் பதினாறுதான், இல்லக்கா?"

எந்த மெஷினையும் எந்த வருஷத்து மெஷினாகவும் நடிக்க வைக்கத் தெரிந்த எனக்கு, வருகிற வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் வித்தையைக் கற்றுக்கொள்ள இத்தனை நாளாகியிருக்கிறது: தெருமுனையில் பைக் திரும்புகிற சத்தம் கேட்டதும், மூன்று பேரும் உள்ளே இருக்க, தாழ்ப்பாளைப் போட்டேன்.